1920களின் அலைக்கூந்தல்: ஸ்ப்ரே இல்லாத காலத்தில் அது எப்படி நின்றது?

1926இல் லண்டனில் நடக்கிற கதையை உங்கள் கல்லூரியில் நாடகமாகப் போடுகிறீர்கள். அந்தக் காலத்துப் பெண்களின் படங்களில் தலையோடு ஒட்டி நெளிநெளியாக ஓடும் அந்த முடி உங்களுக்கு வேண்டும். கர்லிங் அயர்னில் சுற்றிப் பார்த்தால் சுருள் சுருளாகத் தொங்கி, ரிசப்ஷன் அலங்காரம் மாதிரி ஆகிவிட்டது என்கிறீர்கள். இடுப்பு வரைக்கும் முடி இருக்கிறது, வெட்ட மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஹேர் ஸ்ப்ரே கூட இல்லாத காலத்தில் இதெல்லாம் எப்படி நின்றது என்று வியந்திருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரை கேள்வி இதுதான்: அந்த வடிவம் எதனால் வந்தது, எதனால் நின்றது, முடியை வெட்டாமலே அதை இன்றைக்கு ஒரு மேடையில் கொண்டுவர முடியுமா. முடியும். மேடைக்கும் படப்பிடிப்புக்கும் பழைய காலத்துத் தலையலங்காரம் செய்வதுதான் பல வருடமாக என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் குழப்பத்தில் பாதி இதில் தீர்ந்துவிடும். நீங்கள் செய்தது சுருள். அவர்கள் செய்தது அலை. சுருளில் முடி ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் போகும், தலையை விட்டு விலகித் தொங்கும். அலையில் முடி தலையோடு படிந்தே இருக்கும், ஆனால் கொஞ்ச தூரம் நெற்றிப் பக்கம் போய், அங்கிருந்து திரும்பிக் காதுப் பக்கம் போய், மறுபடி நெற்றிப் பக்கம் திரும்பும். திரும்புகிற இடத்தில் ஒரு மேடு எழும்பும். அந்த மேடு ஒரு கற்றையில் மட்டும் இருந்தால் போதாது, வகிட்டிலிருந்து பின்தலை வரைக்கும் எல்லா முடியும் ஒரே கோட்டில் திரும்ப வேண்டும். படங்களில் உங்கள் கண்ணை இழுப்பது அந்தக் கோடுதான். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் மேடு மின்னும், பள்ளம் கறுக்கும். இரண்டு மேட்டுக்கு நடுவில் முடி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒவ்வொரு படத்திலும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒன்று திசை மாறியே தீரும். அது மாறாத எதுவும் அந்தக் காலத்து அலை இல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இதைத் தொழிலாக ஆக்கியவர் மார்செல் கிராத்தோ என்கிற பிரெஞ்சு முடியலங்காரக்காரர். 1852இல் பிறந்தவர், பாரிசில் கடை வைத்திருந்தவர். 1870களில் அவர் இந்த முறையைக் கண்டுபிடித்தார். அவர் பெயரிலேயே மார்செல் அலை என்று அது உலகம் முழுக்கப் பரவியது. அவருக்கு முன்னால் சூடான இடுக்கி இல்லாமல் இல்லை, சுருள் செய்ய நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்ததுதான். மார்செல் செய்தது என்னவென்றால், முடியை இடுக்கியில் சுற்றாமல், இடுக்கியால் பிடித்துத் திசை திருப்பியது. தன் தாயாரின் முடியில் இயல்பாக இருந்த நெளிவைப் பார்த்து அதை உண்டாக்க முயன்றார், இடுக்கியைத் தலைகீழாகப் பிடித்தபோது தற்செயலாக வந்தது என்றெல்லாம் கதைகள் உண்டு. அவற்றைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். பிறகு அமெரிக்கா போய் அங்கே இடுக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். 1936இல் இறக்கும்போது அவர் முறைக்கு ஏறக்குறைய 60 வயது ஆகியிருந்தது.

அந்த இடுக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இரண்டு கால்கள். ஒன்று உருண்டையான கம்பி, இன்னொன்று அந்தக் கம்பி உள்ளே பொருந்துகிற மாதிரி குழிவான தகடு. இன்றைய வீட்டு அயர்னில் இருப்பது போல ஸ்பிரிங் கிடையாது, கைப்பிடியை விரல்களாலேயே திறந்து மூடிச் சுழற்ற வேண்டும். இப்போதும் ஸ்பிரிங் இல்லாத அயர்னைத் தொழிலில் மார்செல் அயர்ன் என்றே சொல்கிறோம். கேஸ் அடுப்பிலோ ஸ்பிரிட் விளக்கிலோ அதைச் சூடாக்குவார்கள். சூட்டை அளக்க எந்தக் கருவியும் இல்லை, மெல்லிய வெள்ளைக் காகிதத்தை இடுக்கியில் பிடித்துப் பார்ப்பார்கள். காகிதம் பழுத்தால் முடியும் பழுக்கும் என்று அர்த்தம், வீசி ஆற்றிவிட்டுத்தான் தலையில் வைப்பார்கள். நரைத்த முடியென்றால் இன்னும் ஆற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை மஞ்சளாகிவிடும். முடி கழுவி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கவே கூடாது. இரண்டு அங்குல அகலக் கற்றையைச் சீப்பால் பிரித்து எடுத்து, வேரிலிருந்து சற்றுத் தள்ளி இடுக்கியை வைத்து மூடி, கால் சுற்று உருட்டிக்கொண்டே மறு கையிலிருக்கும் சீப்பால் முடியை ஒரு பக்கமாக அரைவட்டமாக இழுப்பார்கள். சில நொடி. திறந்து, கீழே இறக்கி, மறுபடி மூடி, இந்தத் தடவை எதிர்ப்பக்கம். அடுத்த கற்றையை எடுக்கும்போது முதல் கற்றையின் மேட்டையும் கொஞ்சம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதே உயரத்தில் தொடங்குவார்கள், அப்போதுதான் கோடு அறுபடாது. இடுக்கி ஓயாமல் டக் டக்கென்று திறந்து மூடிக்கொண்டே இருக்கும், நின்றால் ஒரே இடத்தில் சூடு ஏறும். கை பழக நெடுநாள் பிடிக்கிற வேலை இது. உங்கள் நாடகத்துக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் மற்ற எல்லா முறையும் போலி செய்ய முயன்றது இந்த இடுக்கி அலையைத்தான் என்பதால் சொல்லாமல் விட முடியவில்லை.

முதல் உலகப் போருக்கு முன் இந்த அலை நீள முடியில்தான் போடப்பட்டது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1900களின் தொடக்கத்துப் பெண்கள் முடியை வெட்டவில்லை. முன்முடியை உயர்த்தி, உள்ளே திண்டு வைத்துப் பொம்மென்று ஏற்றி, மேலே கொண்டை போட்டார்கள். அமெரிக்காவில் சார்ல்ஸ் டேனா கிப்சன் வரைந்த பெண்கள் எல்லாம் இப்படித்தான். தலை வாரும்போது உதிர்கிற முடியை மேசைமேல் இருக்கும் சின்ன பீங்கான் கிண்ணத்தில் சேர்த்து வைத்து, அதிலேயே அந்தத் திண்டைச் செய்துகொள்வார்கள். நம் வீடுகளில் உதிர்ந்த முடியைச் சேர்த்துச் சவுரி செய்துகொண்ட பாட்டிமார்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. அப்படி ஏற்றுவதற்கு முன்னால் முடி முழுவதும் இடுக்கியில் அலை போட்டுவிட்டால் முடி நிறைவாகத் தெரியும், மென்மையாகவும் விழும். ஆக அந்தக் காலத்து அலை தளர்வானது, அகலமானது, மேடு அவ்வளவு கூர்மையாக இருக்காது. 1905ஐயும் 1926ஐயும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற அலங்காரங்களைச் சினிமாவிலேயே நிறையப் பார்க்கலாம்.

பிறகு வெட்டு வந்தது. 1915 வாக்கில் அமெரிக்க நடனக்காரர் ஐரீன் காசில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டது பெரிய பேச்சானது. பாரிசில் போலந்துக்காரர் ஒருவர், அந்துவான் என்ற பெயரில் தொழில் செய்தவர், அதற்கும் முன்பே நடிகைகளுக்குக் குட்டை முடி வெட்டினார். போருக்குப் பிறகு அது பரவியபோது பெண்களுக்கான முடியலங்காரக் கடைக்காரர்கள் பலர் வெட்ட மறுத்தார்கள். பெண்கள் ஆண்களின் சவரக் கடைகளுக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது. வெட்டினால் கூந்தல் அழகே போய்விடும், தொழிலும் போய்விடும் என்று அஞ்சியவர்களுக்கு நடந்தது நேர்மாறு. நீள முடியைப் பெண்கள் வீட்டிலேயே வாரி முடிந்துகொள்வார்கள். குட்டை முடிக்கு மாதா மாதம் வெட்டு வேண்டும், வாரா வாரம் அலை வேண்டும். கடைகள் பெருகின. அந்த அலைதான் வெட்டின கடுமையைத் தணித்தது. தலையை இறுக்கமாக மூடும் மணி வடிவத் தொப்பி அப்போது மோஸ்தர் என்பதால் உச்சியில் முடி தட்டையாகப் படிந்திருக்க வேண்டும், தொப்பிக்கு வெளியே கன்னத்தில் தெரிகிற ஒன்றிரண்டு நெளிவில்தான் அலங்காரமே இருக்கும். குட்டை முடியைப் பிடித்து வைக்கிற நெளிவான கம்பி ஊசி, நாம் இன்றைக்கும் பாப் பின் என்று வாங்குகிறோமே, அது பரவியதும் இந்தப் பத்தாண்டில்தான்.

உங்கள் நாடகம் 1926 என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாப் பெண் பாத்திரங்களுக்கும் அலை போடாதீர்கள். அந்த ஆண்டு லண்டன் வீடு ஒன்றில் பல தலைமுறை ஒரே சமயத்தில் இருந்திருக்கும். ஐம்பது வயது அம்மாள் முடியை வெட்டியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. தளர்வான இடுக்கி அலையும் தாழ்ந்த கொண்டையுமே அவருக்குப் பொருந்தும். இளம்பெண் பிடரியில் ஒட்ட வெட்டி, மேலே நெருக்கமான அலை வைத்திருப்பாள். மிகத் துணிச்சலான ஒருத்தி இருந்தால் அவளுக்கு அலையே வேண்டாம், பையன்களைப் போல ஒட்ட வாரிய ஈட்டன் கிராப் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ஒரே மேடையில் மூன்று விதமும் இருந்தால் பாத்திரங்களைப் பற்றி வசனம் இல்லாமலே நிறைய சொல்லிவிடலாம்.

இடுக்கிக்கு மாற்றாக 1920களில் வலுத்தது விரல் அலை. உங்களுக்கு வேண்டியது இதுதான். இதில் சூடு இல்லை. ஈரமான முடியில் பசை தடவி, விரலாலும் சீப்பாலும் மேடு எழுப்பி, அப்படியே காயவிடுவது. பசை எதில் செய்தார்கள் என்றால், ஆளிவிதை, சீமைமாதுளை விதை, டிராககாந்த் என்ற மரப்பிசின். ஆளிவிதைப் பசையை நான் இன்றும் வீட்டில்தான் காய்ச்சுகிறேன், கடையில் வாங்கும் ஜெல்லை விட மேடு நன்றாக நிற்கிறது, காய்ந்தபின் வெள்ளைப் பொடியும் உதிர்வதில்லை. கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர். மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருக்க, கொஞ்ச நேரத்தில் நுரை கட்டும், கரண்டியைத் தூக்கினால் முட்டையின் வெள்ளைக் கரு மாதிரி இழை இறங்கும். அந்தப் பதத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஆறினால் வடிகட்டவே முடியாது, சூடாக இருக்கும்போதே மெல்லிய துணியிலோ பழைய நைலான் சாக்ஸிலோ ஊற்றிப் பிழிந்துவிடுங்கள். கைச்சூடு பார்த்துப் பிழியுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும், வாடை மாறினால் கொட்டிவிட வேண்டும்.

செய்யும் விதம் இது. பக்க வகிடு எடுங்கள், நடு வகிட்டில் இந்த அலை அவ்வளவாக அமையாது. ஈர முடியில் பசையை வேர் முதல் தடவி, சீப்பால் தலையோடு ஒட்ட வாருங்கள். வகிட்டிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே இடது கை ஆட்காட்டி விரலை முடிமேல் அழுத்தமாகப் படுக்க வையுங்கள். அந்த விரலுக்குச் சற்றுக் கீழே சீப்பின் பற்களைத் தலையில் படும்படி நிறுத்தி, முடியை முகத்துப் பக்கமாக ஒரு அங்குலம் நகர்த்துங்கள். விரலுக்கும் சீப்புக்கும் நடுவில் ஒரு மடிப்பு எழும்பும். சீப்பை எடுத்துவிடாமல் தலையோடு தட்டையாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நடுவிரலையும் ஆட்காட்டி விரலையும் மடிப்பின் இரு பக்கமும் வைத்து லேசாகக் கிள்ளி அழுத்துங்கள். மேலே தூக்கி இழுக்கக் கூடாது, ஆரம்பத்தில் எல்லோரும் இழுத்துவிடுவார்கள், மேடு உயரமாக வரும் ஆனால் காய்வதற்குள் சரிந்துவிடும். இப்போது மடிப்புக்குக் கீழே உள்ள முடியை எதிர்ப்பக்கம், அதாவது காதுப் பக்கம் வாருங்கள். இப்படியே ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக அந்த மடிப்பைப் பின்தலை வரை நீட்டிக்கொண்டு போங்கள். இரண்டாவது மேட்டைப் பின்தலையிலிருந்து தொடங்கி முகத்துக்கு வாருங்கள், இந்தத் தடவை முடியை எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். மூன்றாவது மறுபடி முகத்திலிருந்து. ஒவ்வொரு மேட்டையும் நீளமான கிளிப்பால் பிடித்து வையுங்கள். மேலே வலை கட்டி, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காய வேண்டும். ஈரம் இருக்கும்போது கிளிப்பை எடுத்தால் செய்ததெல்லாம் வீண்.

இனி, எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிற பெர்ம், அதாவது கழுவினாலும் போகாதபடி முடியைச் சுருட்டையாக்கும் முறை. ஜெர்மனியின் கருங்காடு பகுதியில் 1872இல் பிறந்த கார்ல் நெஸ்லர் லண்டனில் கடை நடத்தியபோது நிரந்தர அலை என்று ஒன்றைச் செய்து காட்டினார். ஆண்டைச் சில நூல்கள் 1905 என்றும் சில 1906 என்றும் சொல்கின்றன. சோதனைக்குத் தலை கொடுத்தவர் கதரீனா லைப்லே, பின்னால் அவர் மனைவி. முதல் முயற்சிகளில் அந்தப் பெண்ணின் முடி கருகியது, தலையும் வெந்தது. நெஸ்லரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தப் பெண்ணின் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். காரம் கலந்த கரைசலில் முடியை நனைத்து, கனமான பித்தளை உருளைகளில் சுற்றிக் கொதிநிலை வரை சூடேற்றுவது அந்த முறை. உருளை தலையில் பட்டால் வெந்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் மேலே தொங்கும் சட்டத்தில் எதிர் எடை போட்டுத் தூக்கி நிறுத்தினார்கள். மாட்டு மூத்திரத்தைக் கலந்தார் என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். காரக் கரைசல் என்பது உறுதி, மற்றதை நான் மேடையேறிச் சொல்ல மாட்டேன். போர் வந்ததும் ஜெர்மன்காரர் என்பதால் இங்கிலாந்தில் இருக்க முடியாமல் நியூயார்க் போய்விட்டார், அங்கேதான் தொழில் பெருகியது.

வேரிலிருந்து நுனிக்குச் சுற்றுகிற அவருடைய முறை நீள முடிக்குத்தான் ஒத்துவரும். 1920களின் நடுவில் நுனியிலிருந்து வேருக்குச் சுற்றும் குரோக்கினோல் முறை வந்த பிறகுதான் குட்டை முடிக்கும் பெர்ம் எளிதானது. சிகாகோவில், கறுப்பினப் பெண்களுக்கான முடிப் பொருள்கள் விற்ற மேடம் சி. ஜே. வாக்கரின் நிறுவனத்தில் வேலை பார்த்த கறுப்பினப் பெண் மார்ஜரி ஜாய்னர், இறைச்சி சமைக்கும்போது உள்ளே செருகும் கம்பிகளைப் பார்த்து, பல கம்பிகளை ஒரே சமயத்தில் சூடேற்றும் இயந்திரத்தை வடிவமைத்து 1928இல் காப்புரிமை வாங்கினார். உரிமை நிறுவனத்துக்கே போனது. இந்தத் தொழிலின் வரலாற்றைப் பாரிசிலும் லண்டனிலும் மட்டும் தேடுகிறவர்கள் ஜாய்னரைத் தவறவிடுகிறார்கள். 1920களில் பாரிஸ் மேடைகளில் புகழ்பெற்ற கறுப்பின நடனக்காரர் ஜோசஃபின் பேக்கரின் தலையில் கண்ணாடி மாதிரி படிந்திருந்த நெளிவையும் நெற்றிச் சுருளையும் இன்றும் அலங்காரக்காரர்கள் பார்த்துப் பார்த்துப் பயில்கிறார்கள். விரல் அலை மற்ற இடங்களில் மறைந்த பிறகும் கறுப்பினப் பெண்களின் கடைகளில் கைவிட்டுப் போகாமல் இருந்து, 1990களில் மறுபடி மோஸ்தராக வந்தது.

தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றேனே, அது இதுதான். அந்த இயந்திரம் அழகான அலையைத் தரவில்லை. அது தந்தது பொதுவான சுருட்டை, சில சமயம் பரட்டை. அந்தச் சுருட்டையை ஈரமாக்கி, விரலாலோ கிளிப்பாலோ அலையாகப் படிய வைத்தார்கள். பெர்ம் செய்த முடியில் அலை சீக்கிரம் பிடிக்கும், கூடுதல் நாள் நிற்கும். நீங்கள் படத்தில் பார்க்கும் 1930களின் தலை பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, வளர்கிற முடி நேராகத்தான் வரும், அதனால் நிரந்தரம் என்ற பெயர் சில மாதத்துக்குத்தான். 1940களில் சூடே இல்லாமல் தையோகிளைகாலேட் என்ற வேதிப்பொருளால் செய்யும் முறை பரவியதும் தொங்கும் இயந்திரங்கள் மூலைக்குப் போயின.

எதனால் நிற்கிறது என்பதற்கு வருகிறேன். முடி கெரட்டின் என்ற புரதம். அதன் நீண்ட சங்கிலிகளை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் பிடித்து வைக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது, தண்ணீர் பட்டாலோ சூடு பட்டாலோ விட்டுவிடும். உலரும்போதோ ஆறும்போதோ முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். இடுக்கி அலையும் விரல் அலையும் இதை நம்பித்தான். அதனால்தான் முழுதாக உலர வேண்டும், முழுதாக ஆற வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். கந்தகப் பிணைப்பு வலுவானது, வெறும் தண்ணீருக்கு மசியாது, பெர்ம் அதைத்தான் உடைத்துச் சேர்க்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்ட்பரி என்ற விஞ்ஞானி 1930களில் கம்பளி இழையை எக்ஸ்கதிரில் ஆராய்ந்து கெரட்டினின் உள்வடிவத்தைப் பற்றி எழுதத் தொடங்குவதற்குள் மார்செலின் இடுக்கி அறுபது வருடம் வேலை பார்த்து முடித்திருந்தது. வேதியியலுக்கு வெளியே இன்னொரு காரணமும் உண்டு, அவர்கள் அடிக்கடி தலைக்குக் குளிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சிலர் அதற்கும் மேல். இரவில் வலை கட்டிப் படுத்து, காலையில் விரலால் மேட்டைச் சரிசெய்து, கொஞ்சம் வாசனை எண்ணெய் தொட்டு மினுக்கிக்கொண்டால் அலை பல நாள் ஓடும்.

பழைய படத்தைப் பார்த்து இது இடுக்கியா விரலா என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்றால், பல சமயம் என்னால் முடியாது. மேடு மென்மையாக, முடி உலர்ந்து பஞ்சாகத் தெரிந்தால் இடுக்கி என்றும், மேடு கூராக, முடி ஒரே தகடாக மின்னினால் விரல் என்றும் ஊகிப்பேன், அவ்வளவுதான். நட்சத்திரங்களின் ஸ்டூடியோ படங்களை நெகட்டிவிலேயே பென்சிலால் திருத்துவார்கள், பிசிறு முடியெல்லாம் அங்கே காணாமல் போயிருக்கும். அந்தப் பரிபூரணத்தை நேரில் யாருடைய தலையிலும் எதிர்பார்க்காதீர்கள். மேற்கத்திய நடிகைகளை மட்டும் பார்க்க வேண்டாம் என்றும் சொல்வேன். அதே காலத்துத் தோக்கியோவில் காதை மூடி அலை வாரும் பாணி இருந்தது. ஷாங்காய் நாட்காட்டிப் படங்களில் அலையும் கழுத்து உயர்ந்த உடையும் சேர்ந்தே வரும். பம்பாயின் மௌனப்பட நட்சத்திரம் சுலோசனா, ரூபி மையர்ஸ் என்ற யூதப் பெண், குட்டை அலைமுடியோடு இருக்கும் படங்கள் உண்டு. கறுத்த, அடர்ந்த முடியில் இந்த அலை எப்படி விழுகிறது என்று அந்தப் படங்களில் பார்த்துக்கொண்டால் உங்கள் தலைக்கு அளவு தெரியும்.

இப்போது உங்கள் முடி. நம் ஊர் முடி பெரும்பாலும் தடிமன், நீளத்தால் கனம், கனம் அலையைக் கீழே இழுத்துப் பிரித்துவிடும். ஆனால் அலை தேவைப்படுவது வகிட்டிலிருந்து காது வரைக்கும்தான், மீதியை ஒளித்துவிடலாம். 1926இலும் வெட்ட மனமில்லாத பெண்கள் அதைத்தான் செய்தார்கள், முன்னால் அலை, பின்னால் தொப்பிக்கு இடம் விட்டு பிடரியில் தாழ்ந்த முடிச்சு. ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை முன்முடியைப் பிரித்துத் தனியாகக் கிளிப் போடுங்கள். பின்முடியை ஒரே கொண்டையாகப் போட்டால் உருண்டு நிற்கும், காலம் கெட்டுவிடும். இரண்டு ஜடையாக இறுக்கிப் பின்னி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிடரியில் அகலமாகத் தட்டையாகச் சுற்றிக் கொண்டை ஊசியால் குத்துங்கள். முன்முடியில் மட்டும் பசை, அதுவும் வேரிலிருந்து ஒரு சாண் அளவுக்குப் போதும். அலை போட்டு முடித்ததும் மிஞ்சும் வாலைக் காதை ஒட்டிப் பின்னால் கொண்டுபோய் அந்த ஜடைச் சுற்றின்மேல் போர்த்தி ஊசி குத்திவிட்டால், முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு வெட்டிய முடிதான். அடர்ந்த முடியில் மேடுகளை நெருக்கமாக வைக்க முயலாதீர்கள், இரண்டு மேட்டுக்கு நடுவில் இரண்டு விரல் அகலம் விடுங்கள், காது வருவதற்குள் இரண்டு மேடு, மிஞ்சினால் மூன்று. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அதுதான் தெரியும்.

தேங்காயெண்ணெய் தலையில் இருந்தால் பசை பிடிக்காது, முந்தின நாளே இரண்டு தடவை ஷாம்பு போட்டு அலசுங்கள், கண்டிஷனர் வேண்டாம். தடித்த முடி காய நேரமாகும், ஒத்திகை நாளில் எவ்வளவு நேரம் என்று பார்த்து வைத்துக்கொண்டு அதற்கேற்ப உட்காருங்கள். டிரையரைக் குளிர்ந்த காற்றில், தூரத்தில் பிடித்து வலைமேல் காட்டலாம், கிட்டத்தில் பிடித்தால் மேடு கலையும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊரென்றால் காற்றின் ஈரமே ஹைட்ரஜன் பிணைப்பை அவிழ்க்கத் தொடங்கிவிடும், அதனால் அங்கெல்லாம் காய்ந்த பிறகு சீப்பு வைத்துக் கலைத்து மென்மையாக்க வேண்டாம், காய்ந்த தகடாகவே விட்டு மேலே மெல்ல ஸ்ப்ரே அடித்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் ஸ்ப்ரே இல்லைதான், ஆனால் மேடை விளக்கின் சூட்டில் வியர்க்கப் போவது நீங்கள். மூன்று குழாய் வேவர், அதாவது மூன்று சூடான குழாய்களுக்கு நடுவில் முடியை அழுத்தும் மின்கருவி, வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது கற்றை கற்றையாக நெளிவைத் தரும், தலையைச் சுற்றி ஓடும் கோட்டைத் தராது. தூரத்தில் நிற்கும் கூட்டப் பாத்திரங்களுக்குப் போதும், உங்கள் பாத்திரத்துக்குப் போதாது.

முடிந்த பிறகு சீப்பு வைத்துப் பிரிக்காதீர்கள், காய்ந்த பசையில் முடி அறுந்து வரும். ஊசியெல்லாம் எண்ணி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் முன்முடியை நன்றாக ஊறவிட்டு, பசை மறுபடி வழுவழுப்பானதும் விரலால் நீவி எடுங்கள், பிறகு ஷாம்பு. தொடர்ந்து இரண்டு நாள் காட்சி என்றால் முதல் நாள் இரவு கழுவவே வேண்டாம். வலை கட்டி, பட்டுத் துணி சுற்றிப் படுங்கள், மறுநாள் தண்ணீரில் தொட்ட விரலால் மேடுகளை ஒருமுறை கிள்ளிவிட்டால் போதும், பெரும்பாலும் இரண்டாம் நாள் அலைதான் இன்னும் இயல்பாக விழும்.